மூன்று துளைப் பந்தும் நான் வாசிக்காமல் விட்ட ஒரு வரியும்

1

உத்திரமேரூரில் நான் படித்த பள்ளியின் ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன மாதம் கடிதம் வந்தது. அயல்நாட்டில் வாழும் பழைய மாணவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படியாகவும் கொஞ்சம் நகைச்சுவையாகவும் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள்.

நகைச்சுவைக்கு ஒரு விஷயம் கைவசம் இருந்தது. எண்பதை நெருங்கும் வயதில் நான் பந்து உருட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பௌலிங் என்று இங்கே பெயர்; நம் ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட்டில் செய்வது அல்ல. அறுபது அடி நீளத்துக்கு எண்ணெய் பூசிய மரத்தளம். மறுமுனையில் பத்துக் கட்டைகளை முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். ஒரு பூசணிக்காய் கனமுள்ள பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். பந்தில் மூன்று துளைகள் உண்டு. கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றை அவற்றில் நுழைத்துத்தான் தூக்க முடியும்.

மனைவி இறந்த பிறகு நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் மகள் மீரா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலைகளில் என்னைப்போன்ற கிழவர்கள் இருபது பேர் கூடுகிறோம். முதல் வருஷம் ஓர் ஆட்டத்தில் நூறு புள்ளியைத் தொடவே திணறினேன். இப்போது சராசரி நூற்றுநாற்பது. அரங்கத்தின் மூலையில் பந்துக்குத் துளை போடும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் வால்ட் என்பவர் இரண்டு வாரம் என் ஆட்டத்தைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார்.

"இனிமேல் அரங்கத்தின் பொதுப் பந்தை வைத்துக்கொண்டு நீங்கள் முன்னேற முடியாது. அதன் துளை உலகத்தில் யார் விரலுக்கும் பொருந்தாது. நழுவிவிடுமோ என்று நீங்கள் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இறுக்குவதால் விடும்போது கை திரும்பிவிடுகிறது. உங்கள் கைக்கென்று ஒரு பந்து வாங்குங்கள்."

போனேன். ஸ்டூலில் உட்காரவைத்து என் வலது கையை மேஜைமேல் விரிக்கச் சொன்னார். வெவ்வேறு அளவில் சுற்றிலும் துளை போட்ட ஒரு பந்தில் கட்டைவிரலை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கச் சொன்னார். விரல்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தார். முட்டிகளை மடக்கிப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கைக்கு எப்போதாவது அடிபட்டிருக்கிறதா?"

"இல்லை" என்றேன்.

உண்மைதான். வால்ட் அதைக் குறித்துக்கொண்டார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேஜைமேல் விரிந்து கிடந்த அந்த ஐந்து விரல்களும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. உங்கள் மலருக்காக மனதில் எழுதிவைத்திருந்த நகைச்சுவைக் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இதில் ஊக்கம் எதுவும் இல்லை.

2

எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்கு அந்தப் பக்கம், செய்யாற்றை ஒட்டியது. பெயர் வேண்டாம், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். அறுபதுகளின் தொடக்கம். நான் சென்னையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டு ஊரில் காத்திருந்தேன். தை மாதம். கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சும் நேரம்.

அந்த வருஷந்தான் நைனா (என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாட்டை விட்டுவிட்டு ஆயில் எஞ்சினில் ஓடும் கரும்பு ஆலை வாங்கியிருந்தார். மூன்று இரும்பு உருளைகள். அவற்றுக்கு முன்னால் ஒரு முழ நீளத்தில் தகரத் தட்டு. கரும்பைத் தட்டில் வைத்துத் தள்ளினால் உருளை இழுத்துக்கொள்ளும். தள்ளுகிறவன் கை ஒரு முழத்துக்கு இப்பாலேயே நின்றுவிடும். தட்டின் வாய் குறுகல். ஒரு தடவைக்கு இரண்டு கரும்புதான் போகும்.

கரும்பு கொடுக்கும் வேலை கன்னியப்பனுடையது. ஊருக்குக் கிழக்கே சேரியில் வீடு. எங்கள் நிலத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்து வேலை செய்த குடும்பம். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னைச் சின்னய்யா என்பார். புகையிலை போடுவார். குடிக்க மாட்டார். அவருடைய அண்ணன் கள்ளச்சாராயத்தில் போனவர் என்பதால் அந்த வாடை வந்தாலே எழுந்து போய்விடுவார். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று காலை ஆலை மெதுவாக ஓடுவதாக எனக்குப் பட்டது. வெட்டிப்போட்ட கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. படித்த படிப்பு பலிக்கிறது என்று நைனாவுக்குக் காட்ட ஆசை. ஸ்பேனரை எடுத்துத் தகரத் தட்டின் நான்கு நட்டுகளையும் நானே கழற்றி, தட்டைச் சுவரில் சாய்த்துவைத்தேன்.

கன்னியப்பன் வந்து பார்த்தார்.

"இன்னா சின்னய்யா, தட்ட கய்ட்டிட்டீங்களே?"

"நாலு நாலா போடு கன்னியப்பா. சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"நாலு போடலாம். கையும் சேந்து உள்ள பூட்டா அஞ்சாயிடுமே."

கரும்பு சுமந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவருடைய மனைவி முனியம்மா தலைச்சுமையை இறக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஆமா, ஒன் கையில அப்பிடியே சாறு வயியுது பாரு. வெறும் எலும்பு. மெசின் துப்பிடும்."

"துப்பினா நீயே பொறுக்கிக்கினு போ" என்றார் கன்னியப்பன். நானும் சிரித்தேன்.

பதினோரு மணி இருக்கும். நான் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்தது. தடித்த கரும்பு மாட்டிக்கொண்டால் அப்படித்தான் கேட்கும். பிறகு ஆள் கத்தும் சத்தம். திரும்பினேன். எஞ்சினை நிறுத்தும் பிடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்ஜினியரிங் படித்தவன் நான் அப்படியே நின்றேன். முனியம்மாதான் ஒரு கரும்பை எடுத்து ஓங்கி அடித்து, எஞ்சினிலிருந்து உருளைக்குப் போகும் பெல்ட்டைத் தள்ளிவிட்டார்.

வலது கையில் சுண்டுவிரல் மட்டும் விரலாக இருந்தது. மற்ற நான்கும் உருளைக்குள் போய்விட்டன. கீழே இருந்த குடத்துச் சாற்றை வாய்க்காலில் ஊற்றச் சொன்னார் நைனா.

3

கட்டை வண்டியில் சாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லாரியில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்படிப்பட்ட காயம் என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். எப்படி நடந்தது என்று காயம்பட்டவன் வாக்குமூலம் வேண்டும். ஊர் முன்சீப் அதை எழுதி வாங்கி அனுப்பலாம் என்று ஏற்பாடு. முன்சீப் எங்கள் உறவு. "நீங்களே எழுதிக் கைநாட்டு வாங்கிக் குடுங்க, நான் அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நைனா காகிதமும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒன் கையெழுத்து தான் நல்லா கீது. எழுது."

"இன்னா எழுதறது நைனா? தட்ட நான் தான கழட்டினேன்."

"அது ஒனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு அந்த ஸ்டேஷன்ல இருந்து தான் விசாரிச்சு எழுதணும். ஒம் பேர்ல கேஸ் கீதுன்னு ஒரு வரி போட்டான்னா எல்லாம் பேஜாராப் பூடும். அவனே கய்ட்டினான்னு எழுது."

"பாவம் நைனா."

"கை போனது போயிடுச்சி. எழுதாம வுட்டா மொளைக்குமா? ஒம் படிப்பும் சேந்து போவணும்னா சொல்லு, பேனாவ எடுத்துக்கினு போயிடறேன்."

நைனா சொன்னது அவ்வளவுதான். இதுவரை இந்தக் கதையை எனக்குள் சொல்லிக்கொண்ட போதெல்லாம் அவர்மேல்தான் போட்டுவந்திருக்கிறேன். ஆனால் எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பத்து வருஷமாகக் கரும்பு கொடுக்கும் ஆள் தன் கைக்குப் பாதுகாப்பான தட்டைத் தானே ஏன் கழற்றுவான்? ஸ்டேஷனில் கேட்பார்களே. காரணம் இல்லாத வாக்கியம் படித்தவனுக்கு உறுத்தும். யோசித்து, நானாக ஒரு காரணம் சேர்த்தேன். அந்த வரி இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது:

"அன்று காலை நான் சாராயம் குடித்திருந்த மயக்கத்தில், யார் சொல்லும் கேளாமல், தட்டை நானே கழற்றினேன்."

நைனா படித்துப் பார்த்தார். "நல்லா கீது" என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் வராந்தாவில் பாயில் படுக்கவைத்திருந்தார்கள். வலது கையில் சுற்றிச் சுற்றிப் போட்ட கட்டு ஒரு பந்து அளவு இருந்தது. முனியம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தார். மகள் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போன சில பெண்பிள்ளைகளில் ஒருத்தி. சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷனுக்கு ஒரு காகிதம் குடுக்கணும் கன்னியப்பா. எழுதிக்கினு வந்திருக்கேன்."

"படிங்க சின்னய்யா. கேட்டுக்கறேன்."

இப்படிப்பட்ட காகிதங்களின் அடியில், 'வாசித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்று ஒரு வாக்கியம் வரும். எழுதத் தெரியாதவரிடம் வாங்கும் எல்லாக் காகிதத்திலும் உண்டு. அதையும் எழுதியிருந்தேன். ஆகவே வாசித்தேன். பெயர், ஊர், தகப்பன் பெயர், ஆலையில் வேலை செய்வது எல்லாம் வாசித்தேன். அந்த ஒரு வரியைத் தாண்டி, கை மாட்டிக்கொண்டதற்குப் போனேன். குரல் எங்கும் தடுக்கவில்லை.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"தட்ட யாரு கய்ட்டினதுன்னு எழுதலியா?"

"அது வேணாம்னு விட்டுட்டேன்."

"அதுவும் சரிதான். ஒங்க பேரு எதுக்கு அதுல? சீமைக்குப் போறவரு. எவனாவது கேட்டா எனுக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன்."

அவர் தாமாகவே என்னைக் காப்பாற்றத் தயாராக இருந்தார். அந்த வரி இல்லாமலே நான் தப்பியிருப்பேன். அந்த நிமிஷம் காகிதத்தைக் கிழித்திருக்கலாம். பேனா சட்டைப்பையில் இருந்தது; ஒரு கோடு இழுத்து அடித்திருக்கலாம். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டுமே, நைனா என்ன சொல்வாரோ என்றெல்லாம் தோன்றியது. மைப்பெட்டியைத் திறந்தேன்.

கைநாட்டு என்றால் ஆண்களுக்கு இடது கட்டைவிரல். அது நன்றாகத்தான் இருந்தது. பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் பதித்தேன். அதற்குள் அஞ்சலை எட்டிப் பார்த்து, காகிதத்தின் மேல் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். "க... ன்... கன்... னி..."

"பாரு, எம் பொண்ணு படிக்கறா" என்றார் கன்னியப்பன். வலியிலும் முகம் மலர்ந்திருந்தது.

அவள் விரல் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் காகிதத்தை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4

பாஸ்போர்ட் வந்தது. சித்திரையில் பம்பாயில் கப்பல் ஏறினேன்.

ஆடியில் நைனாவிடமிருந்து நீலக் காகிதத்தில் கடிதம். மழை, மாடு, தங்கை சம்பந்தம் என்று போய், நடுவில் ஒரு வரி: "கன்னியப்பன் மேல் மதுவிலக்குக் கேஸ் ஆகி மூன்று மாதம் போட்டுவிட்டார்கள்."

நைனாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாநிலமெங்கும் மதுவிலக்கு இருந்த காலம் அது. குடித்தேன் என்று எழுதிக் கைநாட்டு வைப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. எங்கள் நினைப்பெல்லாம் தட்டின் மேலேயே இருந்தது. காயம் ஆறாத கையோடு அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். காகிதத்தில் உள்ளது சரிதானா என்று கேட்டிருக்கிறார்கள். சின்னய்யா எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பிறகுதான் அங்கே ஒருவர் அந்த வரியை உரக்க வாசித்திருக்கிறார்.

நான் பதில் எழுதினேன். இங்கே கோடையில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருப்பதைப் பற்றியும் கல்லூரியைப் பற்றியும் எழுதினேன். கன்னியப்பனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து நைனா காலமானார். காரியத்துக்கு வந்தேன். அறுபதுகள் முடியும் சமயம். காரியம் முடிந்து தோட்டத்துப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் நின்றார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். புண் புரையோடி, ஜெயிலில் இருக்கும்போதே மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. வயலில் காக்கை விரட்டும் வேலை பார்த்தாராம். அஞ்சலையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, களை பறிக்க அனுப்பிவிட்டிருந்தார்கள். ஊரில் அந்த வீட்டுக்குக் 'குடிகாரன் வூடு' என்று பெயர் விழுந்துவிட்டது. அண்ணன் குடித்துச் செத்தான், தம்பி குடித்துக் கையை விட்டான் என்று சொல்லச் சுலபமாக இருந்திருக்கிறது.

"நல்லா கீறீங்களா சின்னய்யா?"

"இருக்கேன் கன்னியப்பா."

"பெரியய்யாவ கடசில பாக்க முடியல. வுடல." இடது கையால் வேலியைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

"கேளு."

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க காயிதம் படிச்சீங்களே. நான் நல்லா கேட்டுக்கினு தான் கீறேன். அதுல குடிச்சேன்னு வரவே இல்ல. கோர்ட்டுல படிச்சப்ப வந்திச்சி. இத்தினி வருசமா யோசிச்சிக்கினே கீறேன். முனியம்மா கூட கேக்கறா, ஒனுக்கு வலில காது அடச்சிக்கிச்சா இன்னான்னு. அப்பிடித்தான் இருக்குமா சின்னய்யா?"

அவர் குற்றம் சாட்டவில்லை. நான் தப்பிக்கும் வழியையும் அவரே திறந்து வைத்துவிட்டுக் கேட்டார். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படித்தான் இருக்கும் கன்னியப்பா. வலியில கேட்டிருக்காது" என்றேன்.

"அதான் பாத்தேன்" என்றார். "நீங்க ஏன் அப்பிடி பண்ணப் போறீங்க."

துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நான் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. சில வருஷங்களில் இறந்துபோனார்.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டபோது பத்து விரல்களின் ரேகையும் எடுத்தார்கள். ஒரு பெண் அதிகாரி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்டிப் பதித்தார். வலது கைக்கு ஐந்து கட்டம், இடது கைக்கு ஐந்து கட்டம். "விரல் இல்லாதவர்கள் வந்தால்?" என்று கேட்டேன். "கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதுவோம்" என்றார். வேடிக்கையாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

5

பந்துக்கு வருகிறேன். நான் ஆசைப்பட்டது, என் கூட்டாளிகள் வைத்திருக்கும் பளபளப்பான நீலப் பந்து. தளத்தின் கடைசியில் சட்டென்று வளைந்து கட்டைகளுக்குள் புகும். விலையும் அதிகம். வால்ட் தலையை ஆட்டினார். "கொஞ்சம் முன்னேறியவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். வளைவு அப்புறம். முதலில் ஒரே மாதிரி விடக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன தப்பு செய்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் நேராகப் போகும் பந்து வாங்குங்கள். வளைகிற பந்து தப்பை மறைத்துவிடும்."

ஒரு சாம்பல் நிறப் பந்தைக் காட்டினார். பொதுப் பந்தைவிட ஒரு பவுண்டு கூட. இந்த வயதில் கனத்தைக் கூட்டுவதா என்று கேட்டேன். துளை பொருந்தினால் இறுக்க வேண்டியதில்லை, கனம் தெரியாது என்றார். காலையில் விரல் ஒரு அளவு, ஆடி முடிக்கும்போது வீங்கி வேறொரு அளவு. அதனால் துளைக்குள் ஒட்டிக்கொள்ள ஒரு சுருள் பட்டையும் தந்தார்.

போன செவ்வாய்க்கிழமை அதை உருட்டினேன். கட்டைவிரல் சத்தமில்லாமல் கழன்று வந்தது. நூற்றெழுபத்தொன்று. என் வாழ்நாளில் அதிகம். கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள். எந்த முயற்சியும் இல்லாமல் கனமான ஒன்று என் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னொரு தடவை மடித்துப் பையில் வைத்த காகிதமும் அப்படித்தான் என் கையை விட்டுப் போயிருந்தது.

அன்று மீரா காரில் அழைத்துப்போக வந்தவள், என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"என்னப்பா எழுதற?"

"ஸ்கூல் மலருக்கு."

"எனக்குப் படிச்சுக் காட்டு."

மீராவுக்கு ஐம்பது வயது. பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறாள். தமிழ் பேசுவாள்; எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான்தான் கற்றுத்தரவில்லை. இந்த நோட்டை அவள் கையில் கொடுத்தாலும் அவளுக்கு அது வெறும் கோடுகள். நான் வாசிப்பதுதான் அவளுக்கு அதில் உள்ளது.

வாசித்தேன். தகரத் தட்டைக் கழற்றியதையும் வாசித்தேன். கையும் சேர்ந்து போனால் ஐந்தாகிவிடும் என்ற இடத்தில் அவள் சிரித்து, அடுத்ததைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். காகிதம் எழுதியதற்கு வந்தேன். அங்கிருந்து அப்படியே கப்பலுக்குத் தாவினேன். குரல் எங்கும் தடுக்கவில்லை.

"பாவம்ப்பா. நீ அப்போ சின்னப் பையன், தெரியாம பண்ணிட்ட" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வீடு வந்து சேரும்வரை கையை அவள் தட்டிய இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் கன்னியப்பனுக்கு, வேலியருகே மறுபடி அவருக்கு, இப்போது காரில் இவளுக்கு. மூன்று தடவை.

மறுநாள் காலை அவளை வரச்சொன்னேன். சமையலறை மேஜையில் உட்காரவைத்து, நோட்டைப் பிரித்து, விட்டதெல்லாம் வாசித்தேன். வேலியருகே அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் வாசித்தேன். அவள் முன்னால் இருந்த காபி ஆறிப்போயிற்று.

"அவர் உன்கிட்டதானே வந்து கேட்டார்?" என்றாள்.

"ஆமாம்."

"நேத்து எனக்கும் அப்படித்தான் படிச்சியா?"

"ஆமாம்."

அதன் பிறகு அவள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். தன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்தப் பெண் அஞ்சலை இன்னும் இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன், மலருக்குக் கட்டுரை கேட்டவரிடம் போனில் விசாரித்திருந்தேன். அதே சேரியில், இப்போது காலனி என்கிறார்கள், மகன் வீட்டில் இருக்கிறாளாம். "குடிகாரக் கன்னியப்பன் பொண்ணு தானே, தெரியும்" என்றுதான் அந்தத் தம்பியும் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன் நான் எழுதிய வரி அது.

மீரா எழுந்து சாவியை எடுத்தாள். இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தாள். இருக்கலாம். பந்து பையில் கதவோரம் கிடக்கிறது.

6

மலர்க் குழுவினருக்கு. இதைப் போட முடியாது என்றால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கீழே உள்ளதை மட்டுமாவது தனியாக ஒரு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை ஆலையின் தகரத் தட்டை ஸ்பேனரால் கழற்றியது நான். கன்னியப்பன் அது ஆபத்து என்று சொன்னார், நான் கேட்கவில்லை. அவர் குடித்திருக்கவில்லை. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. குடித்தார் என்ற வரியை யாரும் சொல்லாமல் நானே எழுதினேன். அவருக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். பிற்பாடு அவர் கேட்டபோதும் பொய் சொன்னேன். இது என் முழு நினைவோடு எழுதியது.

இதற்கு மன்னிப்பு கேட்கும் இடத்தில் நான் இல்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் உயிரோடு இல்லை.

அஞ்சலைக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். இரண்டாம் வகுப்போடு நின்றது என்னால். இதை அவர் கையில் கொடுத்தால் அவர் இன்னொருவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே உங்களில் யாராவது ஒருவர் நேரில் போங்கள். குடிகாரன் வீடு எது என்று வழி கேட்காதீர்கள். கன்னியப்பன் வீடு என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் முன்னால் உரக்க வாசியுங்கள். அவர் விரும்பினால் வரிக்கு வரி விரலை வைத்துக்கொள்ளட்டும், காகிதத்தை உருவாதீர்கள். எதையும் தாண்டாதீர்கள். 'நான்' என்று வரும் இடத்தில் என் பெயரைச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய அப்பா எல்லாவற்றையும் சரியாகத்தான் கேட்டார். வலியில் அவர் காது அடைத்துப்போகவில்லை. அதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.